ஒரே டர்போ இன்ஜின், வேறு வேறு பவர்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

உசிலம்பட்டி டீசல்:
ரெனோ டஸ்டர் கார் 85 பிஎஸ், 110 பிஎஸ் (குதிரைத்திறன்) என்று இரண்டு பவரில் வந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் 85, மச்சானிடம் 110. இரண்டிலும் அதே 1.5 டீசல். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினோம். இரண்டு வண்டியிலும் ஆள் ஃபுல், ஏசி வேறு. டம்டம் பாறை தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்னால் போன பஸ் ஒடித்துத் திரும்ப, நாங்கள் கிட்டத்தட்ட நின்றேவிட்டோம். பஸ் நகர்ந்ததும் நான் இரண்டாவது கியரிலேயே ஏறிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் மச்சான் வண்டி முக்குகிறது. முதல் கியருக்கு இறக்கிய பிறகுதான் நகர்ந்தது. 25 பிஎஸ் கூடுதலான வண்டி அது! ஆனால் ரோடு நேரானதும், 2000 ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று) தாண்டியிருக்கும் போல, ஒரே இழுவையில் என்னைக் கடந்து போய்விட்டது. மிதித்துப் பார்த்தும் பிடிக்க முடியவில்லை. ஒரே இன்ஜினுக்கு எப்படி இரண்டு குணம்?

மேலூர் ரோடு:
குணமாவது ஒன்றாவது, எல்லாம் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேர். அப்பாவோடு ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். விலை குறைந்த வேரியன்ட்டுக்கு மட்டும் ஏன் பவர் குறைவு என்று கேட்டேன். "இன்ஜின் ஒன்னுதான் சார், இதுல அடைச்சு வச்சிருக்காங்க, டாப் எடுத்தா திறந்துவிட்டிருப்பாங்க" என்றார் விற்பனையாளர். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நமக்கு அடைச்ச வண்டிதானா தம்பி?" என்று கேட்டார். அந்த ஆள் பதில் சொல்லாமல் பிரவுச்சரைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

காளவாசல் பட்டறை:
மேலூர் தம்பி, எல்லாம் சாஃப்ட்வேர் என்று அடித்துச் சொல்லாதீர்கள். என் பட்டறை மேஜையில் ஒருநாள் 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜினின் இரண்டு டர்போவும் (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று ஸ்விஃப்டில் வந்த 75 பிஎஸ், மற்றது எர்டிகாவில் வந்த 90. முதலாவதன் டர்பைன் (புகை சுழற்றும் பக்கம்) வாய்க்குள் பார்த்தால் வெறும் சக்கரம்தான். பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், அளவுக்கு மீறினால் வேஸ்ட்கேட் என்கிற கதவு திறந்து புகையைச் சக்கரத்தில் படாமல் வெளியேற்றிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டாவதில் சக்கரத்தைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னத் தகடுகள். ஆக்சுவேட்டர் கம்பியை இழுத்தால் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். புகை குறைவாக வரும்போது வழி குறுகும், அதிகம் வரும்போது அகலும். வேலை கற்றுக்கொள்ளும் பையன் அந்தக் கம்பியை விடவே இல்லை, இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 75-இன் டார்க் (முறுக்குவிசை) 190 என்எம், 90-இன் டார்க் 200. வித்தியாசம் பத்துதான். ஆனால் அந்த டார்க்கை மேல் ஆர்பிஎம் வரைக்கும் தொய்யாமல் பிடித்துக்கொள்வதால்தான் பிஎஸ் கூடுகிறது. உசிலம்பட்டி அண்ணனின் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. டஸ்டரிலும் இரண்டுக்கும் டர்போ வேறு, கியர்பாக்ஸும் வேறு. 85-க்கு 5 கியர், 110-க்கு 6. கீழ் ஆர்பிஎம்மில் 110-இன் டர்போ விழித்துக்கொள்ள நேரமாகும், அதனால்தான் மச்சான் வண்டி வளைவில் முக்கியிருக்கும்.

திருநகர் வாசி:
சாஃப்ட்வேர்தானே என்று பக்கத்து வீட்டுக்காரர் ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்டுவது) செய்துகொண்டு வந்தார். கப்பலூர் டோல்கேட் வரிசையில் கிளட்ச் தீய்ந்த வாடை, வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினோம். குழந்தைகள் வெயிலில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதைப் படித்துவிட்டு ரீமேப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: கம்பெனி கொடுத்த பிஎஸ், இன்ஜின் எவ்வளவு தரும் என்பதை மட்டும் வைத்து முடிவானதில்லை. கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ்ஷாஃப்ட் எவ்வளவு முறுக்குவிசை தாங்கும், சித்திரை வெயிலில் முழு லோடோடு ஏறும்போது கூலிங் போதுமா, வாரன்டி காலம் முழுக்கத் தாங்குமா என்று எல்லாம் பார்த்துத்தான் எண்ணை வைக்கிறார்கள். அதே டாடா 1.2 டர்போ பெட்ரோல் நெக்ஸானில் 120 பிஎஸ், 170 என்எம். ஆல்ட்ராஸ் ஐடர்போவில் இருந்தது 110 பிஎஸ், 140 என்எம். ரீமேப் செய்தால் இன்ஜின் வாரன்டியை மறந்துவிடுங்கள். ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வேறு குறுக்கே நிற்கிறது. அப்புறம், மலை ஏறி முடித்த கையோடு இன்ஜினை அணைக்காதீர்கள், அரை நிமிடமாவது ஐடிலில் விடுங்கள். டர்போ பேரிங்குக்கு ஆயில்தான் உயிர். சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே ஆயில் மாற்றினால் இன்னும் நல்லது. ஏர் ஃபில்டரையும் பாருங்கள், நம் பக்கத்துப் புழுதிக்கு அது சீக்கிரமே அடைத்துவிடும்.

நாகமலை:
அக்கா இத்தாலியில் இருக்கிறாள். கார் வாங்கும்போது முதலில் கிலோவாட்டைத்தான் பார்த்தாள். அங்கே வருடா வருடம் கட்டும் வண்டி வரியே கிலோவாட் கணக்கில்தான். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் ஓட்டும் காருக்கும் பவர் வரம்பு உண்டு. அந்த ஊரில் ஒரே இன்ஜினைக் குறைந்த பவரிலும் விற்பதில் அர்த்தம் இருக்கிறது. நம் ஊர் ஜிஎஸ்டி பார்ப்பது 4 மீட்டர் நீளத்தையும், பெட்ரோலில் 1200, டீசலில் 1500 சிசியையும்தான். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸும் சிசி கணக்குதான். மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் 2.2 டீசல் 132 பிஎஸ்ஸிலும் வருகிறது, 175-லும் வருகிறது, எக்ஸ்யூவி 700-இல் 155-ம் இருந்தது, 185-ம் இருந்தது. இங்கே வரிக்காக யாரும் பவரைக் குறைக்க வேண்டியதில்லை. ஆரம்ப விலையைக் கீழே காட்டத்தான் என்பது என் எண்ணம்.

காளவாசல் பட்டறை:
விலையும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை சார். ஆனால் எந்த மாடலானாலும் முதலில் டர்போ, இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது), இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீய்ச்சுவது), கிளட்ச் நான்கின் பார்ட் நம்பரையும் இரண்டு வேரியன்ட்டுக்கும் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கும் ஒன்றாகவே இருந்தால், மேலூர் தம்பி சொல்வதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.