ஜூனோவுக்குச் சாலையா, கப்பலா?

சித்தப்பா: அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை வழியே போகவே முடியாதாம். மாநிலத் தலைநகருக்கே இந்த நிலை என்றால், கப்பலை நம்பிக்கொண்டிராமல் ஒரு சாலையைப் போட்டுவிட வேண்டியதுதானே?

அக்கா: வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், சித்தப்பா. ஜூனோவிலிருந்து வடக்கே போகும் நீர்வழிக்கு லின் கெனால் என்று பெயர் இருந்தாலும் அது வெட்டிய கால்வாய் அன்று. இருபுறமும் மலைகள் செங்குத்தாக இறங்கும் ஆழமான கடற்குடா. அதன் கிழக்குக் கரையோரமாகத் திட்டமிட்ட சாலை, முப்பதுக்கும் மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்களைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. இத்தனை பாடுபட்டும் அது அந்தக் குடாவின் வடகோடியில் உள்ள ஹெயின்ஸ், ஸ்காக்வே ஆகிய ஊர்களைத் தொடாமல், கட்செகின் ஆற்றருகே நின்றுவிடும். அங்கிருந்து மறுபடியும் கப்பல்தான். அலாஸ்காவின் அப்போதைய ஆளுநர் பில் வாக்கர் 2016 டிசம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது எனக்கு வியப்பாக இல்லை.

நான்: கப்பலை மட்டும் நம்பலாமா, அக்கா? 2019இல் அரசு நிதியைக் குறைத்தபோது, அலாஸ்காவின் கோர்டோவா ஊருக்குக் குளிர்காலத்தில் பல மாதங்கள் கப்பலே போகவில்லையே.

அக்கா: உண்மைதான், தம்பி, அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் சாலையில் பனி அள்ளும் செலவை யாரும் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. கப்பலில் டிக்கெட் வசூல் செலவை ஈடுகட்டாவிட்டால் மட்டும் உடனே நஷ்டம் என்கிறார்கள். 1963 முதல் ஓடும் இந்தச் சேவைக்கு "அலாஸ்கா கடல் நெடுஞ்சாலை" என்றே பெயர். அதை நெடுஞ்சாலையாகவே கணக்கில் எடுத்துக்கொண்டால் என்ன?

அத்தை: கார் இல்லாதவர்கள் எப்படிப் போவார்கள்?

அக்கா: அதுதான் எனக்கும் முக்கியம், அத்தை. கார் இல்லாமல் நடந்தே கப்பலில் ஏறிக்கொள்ளலாம். விளையாட்டுப் போட்டிக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகள் அணி அணியாக அதில் வருவார்கள். அறை எடுக்க வசதியில்லாதவர்கள் மேல்தளத்தில், சூடு தரும் விளக்குகளின் கீழே சாய்வு நாற்காலியில் உறங்குவார்கள். சிலர் தங்கள் கூடாரத்தைக் காற்று அடித்துக்கொண்டு போகாதபடி ஒட்டுநாடாவால் தளத்தோடு ஒட்டிவிடுவார்கள்.

நான்: கப்பல்கள் பழையவை ஆகிவிட்டனவே?

அக்கா: ஆம், அங்கேதான் பணம் போக வேண்டும் என்கிறேன். நார்வேயில் மின்கலத்தால் ஓடும் ஆம்பியர் என்னும் கார் ஏற்றும் கப்பல், 2015இல் ஃபியோர்டு எனப்படும் ஒரு கடற்குடாவைக் குறுக்கே கடக்கத் தொடங்கியது. நீண்ட தூரத்துக்கு அதே கப்பல் பொருந்தாது. ஆனால் குறுகிய வழித்தடங்களுக்கு அத்தகைய கப்பலை எண்ணிப் பார்க்கலாம்.

சித்தப்பா: சரி, அந்தத் திட்ட வரைபடம் கிடைத்தால் இங்கே போடம்மா. சாலை எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன்.