5 அடி மீன்தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கலாமா?

செங்காங்_வேலு:
சிங்கப்பூரில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, சாவி கிடைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஹாலில் 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் கேபினட்டோடு ஒரு தொட்டி வைக்க ஆசை. நடக்கிற இடம் போய்விடும், சுவரோடு ஒட்டி வையுங்கள் என்கிறார் மனைவி. கடைக்காரரோ கை நுழையும் அளவுக்கு இடைவெளி விடச் சொல்கிறார், யாருடைய கை என்று சொல்லவில்லை. பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கு அறை) சுவர் ஒன்று இருக்கிறது, எதிரே படுக்கையறையைப் பிரிக்கும் மெல்லிய சுவர், அந்தப் பக்கம் மாலை வெயில் நேராக விழும். எந்தச் சுவர், எவ்வளவு இடைவெளி?

தொட்டிக்காரன்_யீஷூன்:
ஒட்டி வைக்காதீர்கள் அண்ணே, வைத்துவிட்டு நான் பட்ட பாடு போதும். சின்ன விரால் ஒன்று ராத்திரி துள்ளித் தொட்டிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. மூன்று நாள் நாற்றம், நான்காம் நாள்தான் எங்கிருந்து வருகிறது என்றே புரிந்தது. தண்ணீர் நிரம்பிய தொட்டியை ஒரு இஞ்ச் கூட நகர்த்த முடியாது, துணி மாட்டும் கம்பியை நிமிர்த்தி வளைத்துக் கருவாடாகக் காய்ந்திருந்ததை இழுத்து எடுத்தேன். பிறகு தொட்டியைக் காலி செய்தபோது பார்த்தால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்குக் காற்று போக வழி இல்லையென்றால் அப்படித்தான்.

கீழே கேபினட்டுக்குள் வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் என்றால் குழாய் மடங்காமல் வளைந்து இறங்க 10 செ.மீ, பின்னால் தொங்கவிடும் ஃபில்டர் என்றால் 15. அப்புறம் வயர்: பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி மறுபடி மேலே ஏறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

சைட்_தம்பி:
இடைவெளியை விடுங்கள், முதலில் எடை. உங்கள் தொட்டி கொள்ளளவு சுமார் 540 லிட்டர். விளிம்பு வரை நிரப்பாவிட்டாலும் தண்ணீர் மட்டும் 500 கிலோ, 12 மி.மீ கண்ணாடி என்றால் அதுவே 100 கிலோ, மணல், கல், கேபினட் எல்லாம் சேர்த்தால் 700ஐத் தாண்டும். இது ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் நிற்கப்போகிறது. வீட்டுத் தரைக்குப் பொதுவாகக் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. வைத்த அன்றே இடிந்துவிழும் என்று சொல்லவில்லை, எடை சுற்றியுள்ள கான்கிரீட்டுக்கும் பரவும், ஆனால் இந்த அளவுக்கு ஒரு பொறியாளரிடம் கேட்காமல் நான் வைக்கமாட்டேன். பாம் ஷெல்டர் சுவர் கான்கிரீட், பாரம் தாங்கும், நீளவாக்கில் அதன் ஓரமாக வைப்பதுதான் நல்லது. மெல்லிய தடுப்புச் சுவர் பாரம் தாங்குவதற்கு இல்லை, கீழே பீம் இருக்கும் என்று நம்பி வைத்துவிடாதீர்கள். ஷெல்டர் சுவரில் மட்டும் விளக்கு மாட்ட, ஷெல்ஃப் மாட்ட என்று துளை போடக் கிளம்பவேண்டாம், அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

பாசிராணி:
15 செ.மீ எல்லாம் ரொம்ப அதிகம், எங்கள் வீட்டில் 7 செ.மீதான், கேனிஸ்டர் குழாயைப் பக்கவாட்டில் இறக்கிவிட்டேன். பாசி துடைக்கும் காந்தத்தின் வெளித்துண்டு விழுந்தால் எடுக்க என் கை நுழைகிறது, என் வீட்டுக்காரர் கை நுழையாது, அதனால் அந்த வேலை என் தலையில். பின்பக்கக் கறுப்பு ஸ்டிக்கரைத் தொட்டி வெளியே இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். மேற்கு வெயில் பக்கம் வேண்டவே வேண்டாம், பாசி சுரண்டியே வயதாகிவிடும். இன்னொன்று, கசிவுக்காகப் பின்னால் தட்டு வைப்பவர்கள் அதில் தண்ணீர் நிற்க விடாதீர்கள், டெங்கிக் கொசுவுக்கு அது போதும்.

செங்காங்_வேலு:
நன்றி. 700 கிலோ என்று வாசித்துக் காட்டினேன், மனைவி சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷெல்டர் சுவர், 4 அடிக்கு 1½ அடி, உயரமும் 1½ அடி தொட்டி, 10 செ.மீ இடைவெளி என்று முடிவு. தண்ணீரே 240 லிட்டருக்குள் அடங்கிவிடும். வாரக் கடைசியில் சிராங்கூன் நார்த் மீன்தொட்டிக் கடைகள் பக்கம் போய்ப் பார்க்கிறேன். மூடி கண்ணாடியா, வலையா? விரால் கதைக்குப் பிறகு அதுதான் இப்போது கவலை.

தொட்டிக்காரன்_யீஷூன்:
வலை. வயருக்கு விடுகிற ஓட்டையையும் அடைத்துவிடுங்கள், என் விரால் அது வழியாகத்தான் போனது.