தம்பி மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுகிறான், எப்படிப் பேசுவது?

மழைக்காலம்:
என் தம்பிக்கு எச்ஐவி இருப்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏஆர்டி (எச்ஐவி வைரஸை அடக்கும் மருந்து) ஆரம்பித்ததும் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தான், உடம்பு தேறியதும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுகிறான், இந்த முறை வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) ஏறியிருக்கிறது. கேட்டால் "நல்லாத்தானே இருக்கேன்" என்கிறான். அவன் பழகும் பெண்ணிடமும் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. திட்டினால் என்னிடமும் மறைத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

ஏஆர்டி ஆலோசகர்:
திட்டவே வேண்டாம். "ஏன் போடல?" என்று கேட்டால் "மறந்துட்டேன்" என்றுதான் பதில் வரும், "எந்த நாள்ல விட்டுப்போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். மறதி என்று சொல்லும் பலருக்கு உண்மையில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான். மாத்திரை டப்பா பைக்குள் கலகலவென்று சத்தம் போடும் என்பதற்காகவே வெளியே எடுத்துப்போகாதவர்களைப் பார்த்திருக்கிறேன், டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

விட்டுப்போனால் ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம், இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. அடிக்கடி விட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகி, அந்த மருந்தே வேலை செய்யாமல் போகலாம். அப்புறம், அவன் போடுவதில் டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்து இருந்து, அல்சருக்கு ஆன்டாசிடும் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) எடுக்கிறான் என்றால், இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. ஆன்டாசிடுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் டோலுடெக்ராவிர்.

நானும் மருந்தில்தான்:
பல வருடமாக ஏஆர்டி எடுக்கிறேன், என் மனைவிக்குத் தொற்று இல்லை. வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் நிலைத்திருந்தால் உடலுறவின் மூலம் துணைக்குப் பரவாது. 2016-இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்ஐவி இருந்த தம்பதிகள் ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 தடவை உறவு கொண்டும், மருந்தால் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. தம்பிக்கு இதைச் சொல்லுங்கள், பயமுறுத்துவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

ஆனால் அவனுக்கு இப்போது ஏறியிருக்கிறதே, அதனால் இப்போதைக்கு ஒவ்வொரு முறையும் ஆணுறை வேண்டும். எண்ணெய், வாசலின் எதுவும் தடவக்கூடாது, லேடக்ஸ் கிழிந்துவிடும், எண்ணெய் இல்லாத, நீர் சார்ந்த (வாட்டர் பேஸ்டு) லூப்ரிகன்ட்தான் சரி. கிழிந்துவிட்டால் அந்தப் பெண் 72 மணி நேரத்துக்குள் பெப் (தொற்றாமல் தடுக்கப் பின்னால் போடும் மருந்து) ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் போட வேண்டும். உண்மை தெரிந்தால்தானே அவளால் அதைக் கேட்க முடியும், பிரெப் (தொற்றாமல் தடுக்க முன்கூட்டியே போடும் மருந்து) எடுக்கவும் முடியும்? தனியாகச் சொல்லத் தயங்கினால் ஆலோசகர் முன்னால் இருவரும் உட்கார்ந்து பேசலாம்.

மழைக்காலம்:
நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். நைட் ஷிப்ட் வாரத்தில்தான் விட்டுப்போகிறதாம், இரவு ஒன்பது மணிக்கு எல்லார் எதிரிலும் எப்படிப் போடுவது என்கிறான்.

ஏஆர்டி ஆலோசகர்:
டோலுடெக்ராவிர் மாத்திரைதான் என்றால் இரவில்தான் போட வேண்டும் என்று இல்லை. ஷிப்ட் மாறினாலும் வீட்டில் இருக்கும் ஒரு நேரமாகப் பாருங்கள், எப்படி மாற்றுவது என்று ஏஆர்டி மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டபின் வைரல் லோடு மறுபடி எடுப்பார்கள், அது கண்டறிய முடியாத அளவில் நிலைக்கும்வரை ஆணுறையை விட வேண்டாம்.