தண்ணீருக்கு எஸ்பி3 சொல்லிக்கொடுப்பது சரியா?

நீர்த்துளி:
பிளஸ் ஒன்னில் தண்ணீருக்கு எஸ்பி3 இனக்கலப்பு (எலக்ட்ரான்கள் இருக்கும் ஆர்பிட்டால்களில் ஓர் எஸ்ஸும் மூன்று பி-யும் கலந்து நான்கு சம ஆர்பிட்டால்கள் ஆவது) என்று நடத்துவதை நிறுத்தியாக வேண்டும். ஆக்சிஜனின் இரண்டு தனித்த ஜோடிகளையும் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள்) முயல் காது மாதிரி ஒரே அளவில் வரைகிறோம். ஒளியால் எலக்ட்ரானை வெளியேற்றி, அதற்கான ஆற்றலை அளக்கும் ஒளி எலக்ட்ரான் நிறமாலை வேறு கதை சொல்கிறது. முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 12.6 எலக்ட்ரான் வோல்ட், அடுத்த மட்டத்துக்கு 14.7. இரண்டு ஜோடியும் ஒன்றுபோல இருந்தால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

சாக்பீஸ் டீச்சர்:
அவசரப்படாதீங்க தம்பி. மீத்தேனின் நான்கு பிணைப்புகளும் ஒரே நீளம், கோணம் 109.5 டிகிரி. அதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லையே? அதன் நிறமாலையிலும் 14 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் ஒரு பட்டை, 23 பக்கம் இன்னொன்று வருகிறது. உங்கள் கணக்குப்படி மீத்தேனின் பிணைப்புகளும் சமம் இல்லை என்றாகிவிடும். எலக்ட்ரான் கிளம்பும்போது அது ஒரு பிணைப்பிலிருந்து மட்டும் போவதில்லை, மூலக்கூறு முழுவதிலிருந்தும் போகிறது. அதனால் நிறமாலையை வைத்து முயல் காதை வெட்ட முடியாது. 1931இல் வேதியியலாளர் பாலிங் இனக்கலப்பை எழுதியபோது அவர் முன்னால் இருந்த கேள்வியே மீத்தேனின் அந்த நான்கு சமப் பிணைப்புகள்தான்.

நீர்த்துளி:
மீத்தேன் விஷயம் நியாயம், அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன் டீச்சர். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு? ஆக்சிஜனுக்கு நேர் கீழே கந்தகம், அதே இரண்டு தனித்த ஜோடி. பிணைப்புக் கோணம் தண்ணீரில் 104.5 டிகிரி, ஹைட்ரஜன் சல்ஃபைடில் 92. எஸ்பி3 என்று சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வீர்கள்?

பென்சீன் வளையம்:
நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். பரீட்சையில் எதை எழுதுவது?

சாக்பீஸ் டீச்சர்:
பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதும்மா.

நீர்த்துளி, 92-ஐ எஸ்பி3 என்று நான் சொல்லமாட்டேன். கந்தகத்தில் எஸ் ஆர்பிட்டால் கலப்பது குறைவு, பிணைப்பில் பி-யின் பங்கே அதிகம், கோணம் 90-ஐ ஒட்டி நிற்கிறது. வகுப்பில் நான்கு பலூன்களைக் கழுத்தில் சேர்த்துக் கட்டி மேசையில் வைப்பேன். மூன்று பலூன் காலாக நிற்கும், நான்காவது மேலே பார்க்கும். நான்முகி என்றால் என்னவென்று பிள்ளைகள் கையில் பிடித்துப் பார்க்கிறார்கள். அதை நான் விடமாட்டேன்.

நீர்த்துளி:
பலூனை விடச் சொல்லவே இல்லை டீச்சர். அது எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று விலக்குவதைக் காட்டுகிறது, அதற்கு இனக்கலப்பே வேண்டாம். அளந்த கோணத்தை முதலில் போர்டில் எழுதுங்கள், தண்ணீருக்குப் பக்கத்திலேயே 92-ஐயும். ஏன் இரண்டும் வேறு என்று பிள்ளைகள் கேட்ட பிறகு எஸ்பி3-க்கு வாருங்கள்.

சாக்பீஸ் டீச்சர்:
அந்த வரிசை எனக்குச் சம்மதம். ஆனால் முயல் காது படம் போர்டில் இருக்கும்.