மும்மொழி விலைக் கையேடு: புரூஃப் பார்க்கத் தனியாக ஆள் வைப்பது செலவுக்குத் தகுமா?

ரோஸ்ஹில்_விடுதி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மொரீசியஸில் உள்ள எங்கள் விருந்தினர் விடுதிக்கு 12 பக்க விலைக் கையேடு ஒன்று தயாராகிறது. தைப்பூசக் காவடிக்கு முன்னால் அச்சாகி வர வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றும் உண்டு. மொழிக்குச் சுமார் 2,500 சொல். ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் மென்பொருள் பார்த்துவிட்டது. தமிழை வாணி பிழைதிருத்தியில் போட்டாயிற்று. எதிலும் சிவப்புக் கோடு இல்லை. இதற்கு மேலும் காசு கொடுத்துப் பிழை பார்த்தால் புதிதாக என்ன கிடைக்கும்? "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். அது போதுமா?

மெய்ப்பு_மேசை

ஐயா, சிவப்புக் கோடு இல்லை என்றால் சொல்லெல்லாம் அகராதியில் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். விடுதிக் கையேட்டில் "அறை வாடகை" என்பது "அரை வாடகை" என்று விழுந்தால் எந்த மென்பொருளும் வாய் திறக்காது. இரண்டும் நல்ல தமிழ். ஆனால் வருகிறவர் பாதி வாடகையைத்தான் நீட்டுவார். ஒற்றும் அப்படித்தான்: "கீரைக் கடை" என்றால் கடை, "கீரை கடை" என்றால் மத்தை எடு என்று அர்த்தம். சந்திப்பிழைக்கு நாவி என்ற சந்தித் திருத்தி மென்பொருள் உதவும். எது பொருந்தும் என்று முடிவு செய்ய ஆள் வேண்டும்.

இன்னொன்று, வணிக அச்சில் எழுத்துப்பிழை சின்னப் பிழை. எண்ணும் பெயரும்தான் பெரிய பிழை. பக்கம் 2-இல் உள்ள விலையும் பக்கம் 9-இல் உள்ள அட்டவணையும் ஒன்றா? 15 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) உள்ளடக்கமா, தனியா? மூன்று மொழியிலும் அதையே சொல்கிறதா? தேதிக்குப் பக்கத்தில் போட்ட கிழமை சரியா? கைபேசி எண் 8 இலக்கமாக, தரைவழி எண் 7 இலக்கமாக இருக்கிறதா? ஒவ்வொரு எண்ணையும் உண்மையிலேயே அழைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பகுதியில் வெறும் "ரூ." போட்டால் சென்னையிலிருந்து வருகிறவர் இந்திய ரூபாய் என்று எடுத்துக்கொள்வார், "மொரீசியஸ் ரூபாய்" என்று ஒரு முறையாவது எழுதுங்கள்.

ஓர் எழுத்துக்கு என்ன விலை என்று கேட்பவர்களுக்கு: 2009-இல் பிரிட்டனின் கம்பெனிப் பதிவகம் "டெய்லர் அண்ட் சன்" மூடப்பட்டதை "டெய்லர் அண்ட் சன்ஸ்" என்று பதிந்துவிட்டது. ஒரே ஒரு "ஸ்". நன்றாக நடந்துகொண்டிருந்த வேறு நிறுவனம் நொடித்தது. 2015-இல் உயர் நீதிமன்றம் பதிவகமே பொறுப்பு என்றது.

பிரெஞ்சுப்பக்கம்

ஆங்கிலத்திலிருந்து போன பிரெஞ்சா? அப்படியென்றால் முதலில் "தெலே" என்ற சொல்லைத் தேடுங்கள். பிரெஞ்சில் அது "கெடு, ஆகும் காலம்". ஆங்கில "டிலே" மாதிரித் தாமதம் அல்ல. "எவாந்துவெல்மான்" என்றால் "தேவைப்பட்டால்", "இறுதியில்" இல்லை. முன்பதிவு நிபந்தனைகளில் இந்த இரண்டும் மாறினால் சண்டை நிச்சயம்.

எண்ணில்: ஆங்கிலத்தில் 1,500 ஆயிரத்து ஐந்நூறு, பிரெஞ்சு வழக்கில் காற்புள்ளிதான் தசமக் குறி, ஆயிரத்துக்கு இடைவெளி (1 500,00). பிரெஞ்சுப் பக்கத்தில் பிரிக்க முடியாத இடைவெளி போடுங்கள், சாதாரண இடைவெளி என்றால் 1 ஒரு வரியிலும் 500 அடுத்த வரியிலும் போய் உட்காரும். பெரிய எழுத்துத் தலைப்பில் அக்சாந்தை (எழுத்தின் மேல் வரும் குறி) விடக் கூடாது; "மார்க்கே" (குறித்த) "மார்க்" (பிராண்ட்) ஆகிவிடும்.

காவடி_அச்சு

அச்சகத்தார் பார்ப்பது நிறம், விளிம்பு, படத்தின் தெளிவு. வாசகத்தை அவர்கள் பார்ப்பார்கள் என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அங்கே இருக்கமாட்டார்.

தமிழ் கெடுவதே அங்கேதான். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் "வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்" என்ற அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு இடம் மாறும், "கெ" உடைந்து க-வுக்குப் பின்னால் கொம்பு நிற்கும். வேர்டு கோப்பு சுத்தமாக இருந்தும் பி.டி.எஃப் கெட்டுப்போவது இதனால். பழைய பாமினி எழுத்துருவில் தட்டியது என்றால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வரி வரியாகப் படியுங்கள். "கௌரி" என்பதைப் பலர் கெ + ள என்று தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், இணையதளத்தில் தேடினால் கிடைக்காது.

மூத்தவர்_போர்ட்லூயி

மொழி வரிசையையும் புரூஃபில் சேருங்கள் தம்பி. 1998-இல் மொரீசியஸ் வங்கி புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியது. எழுத்துப்பிழை அல்ல, வரிசைதான். தமிழர்கள் கிளர்ந்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழை முந்தைய இடத்தில் வைத்து மீண்டும் அச்சிட வேண்டியதாயிற்று.

ரோஸ்ஹில்_விடுதி

நன்றி ஐயா. அப்படியானால் ஆள் வைக்கிறேன். எப்போது கொடுப்பது, எவ்வளவு நேரம் ஆகும்?

மெய்ப்பு_மேசை

இரண்டு முறை. வடிவமைப்புக்குப் போகுமுன் வேர்டு கோப்பில் ஒரு முறை, கடைசி பி.டி.எஃப்-ஐத் தாளில் அச்சிட்டு, பழைய பிரதியோடு ஒப்பிட்டு ஒரு முறை. ஒரு முறைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பி.டி.எஃப்-க்கே கொடுங்கள். மொத்தம் 7,500 சொல்; கவனமாகப் பார்த்தால் மணிக்கு 1,500, ஆக முதல் சுற்று 5 மணி நேரம், இரண்டாவது 3 மணி. மூன்று மொழியையும் ஒருவரே பார்ப்பதாகச் சொன்னால் ஒரு பக்கம் மாதிரிக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கூடவே ஒரு சொல் பட்டியலும் கொடுங்கள்: மொரீசியஸா மோரீஷஸா, போர்ட் லூயியா போர்ட் லூயிஸா. ஆட்களின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலிலிருந்து ஊகித்தால் வீரப்பன் வேறு யாரோ ஆகிவிடுவார்.

காவடி_அச்சு

அச்சான பிறகு பிழை தெரிந்தால்: நடுவில் பின் அடித்த 12 பக்கம் என்றால் மூன்றே தாள். பக்கம் 3-இல் பிழை என்றால் 3, 4, 9, 10 உள்ள தாளை மட்டும் மறுபடி அடிக்கலாம். ஆனால் பின் அடிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும், அதனால் மடித்த முதல் பிரதியை அச்சகத்திலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள்.