ஃபுளோரைடு வார்னிஷ் வைத்தும் பைட்விங் எக்ஸ்ரேயில் நிழல் பெரிதாகத் தெரிகிறது: சொத்தை வளர்கிறதா?

கேள்வி:
வயது 14. வலது கீழ்க்கடைவாய்ப் பல், எண் 46; மீசியல் பக்கம், அதாவது முன்னால் உள்ள 45-ஐ ஒட்டிய பக்கம். ஜனவரியில் எடுத்த டிஜிட்டல் பைட்விங்கில் (கடித்தபடி எடுத்து, பற்களின் இடைப்பக்கத்தைக் காட்டும் எக்ஸ்ரே) சொத்தை எனாமலின் உட்பாதி வரை, அதாவது ஈ2 நிலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5% சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ், தினமும் ஃப்ளாஸ். ஜூலைப் படத்தில் நிழல் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினைத் தொடுவதுபோல இருக்கிறது. சென்சார் அதேதான். அடைத்துவிடலாமா?

பதில் 1:
இப்போதைக்கு டிரில்லைத் தொட வேண்டாம். 45, 46 சேருமிடம் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி திறந்திருக்கிறதா? எக்ஸ்ரே கதிரின் கிடைக்கோணம் சில டிகிரி விலகினாலே எனாமல் சொத்தையின் நிழல் டென்டின்மேல் போய் விழும். இரண்டு பல்லின் எனாமலும் பாதிக்குமேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது மென்பொருள். கதிர் கூடக்குறைய இருந்தாலும் அதுவே வெளிச்சத்தைச் சரிசெய்து காட்டிவிடும், நமக்குத் தெரியாது. ‘ஷார்ப்பன்’ ஃபில்டரோ எனாமல்-டென்டின் எல்லையில் இல்லாத கருங்கோட்டை வரையும். ஃபில்டரை நீக்கி மூலப்படங்களை ஒப்பிடுங்கள். ஆழத்தை மில்லிமீட்டரில் மட்டும் எழுதாமல், அந்த இடத்து எனாமல் தடிமனில் எத்தனை பங்கு என்று குறியுங்கள். உருப்பெருக்கம் மாறினாலும் விகிதம் அவ்வளவாக மாறாது.

பதில் 2:
நிழல் மறையும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. தாது சுமார் 30-40% குறைந்த பிறகே எக்ஸ்ரேயில் கருப்பு தெரிகிறது. ஃபுளோரைடால் மேற்பரப்பு இறுகிய பிறகும் அடியில் நுண்துளைகள் மிஞ்சும். சொத்தை நின்ற பல்லிலும் நிழல் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ‘வளரவில்லை’ என்பதே இங்கே வெற்றி.

மேற்பரப்பு உடைந்து குழி விழுந்ததா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. 45, 46 இடையே ஆர்த்தோ ரப்பர் செபரேட்டர் (பற்களை விலக்கும் சிறு வளையம்) போட்டு இரண்டு, மூன்று நாள் கழித்து எடுத்தால் இடைவெளி கிடைக்கும். காற்றடித்து உலர்த்தி, கூர்முனை இல்லாத ப்ரோபால் (ஆய்வுக்கம்பி) தடவிப் பாருங்கள். குத்திப் பார்த்தால் இல்லாத குழியை நாமே உண்டாக்கிவிடுவோம்.

கேட்டவர்:
கோணம் மாறித்தான் இருக்கிறது, ஜூலையில் சேருமிடம் மூடியிருக்கிறது. இன்றே மறுபடி எடுக்கலாமா?

பதில் 1:
செபரேட்டர் போட்டுப் பாருங்கள். குழி இல்லையென்றால் இன்னொரு படம் இப்போது வேண்டாம்; நிரந்தரப் பல்லில் எனாமலைக் கடக்கவே பெரும்பாலும் ஆண்டுகள் ஆகும். ஜனவரிப் படத்திலிருந்து 12 மாதம் கழித்து எடுங்கள். ரிங் உள்ள ஹோல்டரில் (சென்சாரையும் கதிர்க்குழாயையும் நேர்ப்படுத்தும் பிடி), கடிக்கும் தகட்டின்மேல் சிலிக்கோன் புட்டி வைத்துக் கடிக்கவிட்டு, அந்த அச்சைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்தமுறை அதே அச்சு, அதே கே.வி. (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்), கதிர் பாயும் நேரமும் அதே. 47 இன்னும் முளைத்துக்கொண்டிருந்தால் பழைய அச்சு பொருந்தாது, புதிதாக எடுக்க வேண்டும்.

பதில் 2:
அதற்குள் ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் (சொத்தையின் நுண்துளைகளில் திரவ ரெசினை ஊறவிடும் சிகிச்சை) செய்தால் கேஸ் ஷீட்டில் கட்டாயம் எழுதுங்கள். அந்த ரெசின் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியாது. சொத்தை கருப்பாகவே இருக்கும், அடுத்துப் பார்ப்பவர் சிகிச்சையே நடக்கவில்லை என்று குடைந்துவிடுவார்.