கல்லை எப்படி ஜெராக்ஸ் எடுப்பது? – வன உரிமை மனுவோடு அலைந்த அனுபவங்கள்

மலையடிவாரம்:

காட்டில் காலங்காலமாக வாழ்பவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை தரும் வன உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டவர்கள், அவர்களோடு அலைந்தவர்கள் நடந்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

சத்தியமங்கலத்துக்கு மேலே ஓர் இருளர் ஊர், பதினெட்டு வீடு. மனு எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன். பார்வையிட வந்த அதிகாரி குரலை உயர்த்தாத மனிதர். கேட்டது ஒன்றுதான்: "2005 டிசம்பர் 13-க்கு முன்னாடியே இங்க இருந்தீங்கன்னு ஏதாவது பேப்பர் இருக்கா?" அந்தத் தேதிக்கு முன்பே இருந்தவர்களுக்குத்தான் சட்டப்படி உரிமை.

ஒரு பாட்டி எழுந்து, "வா சாமி" என்று முன்னால் நடந்தார். ராகிக் கொல்லையைத் தாண்டி, ஓடையைத் தாண்டி ஒரு மரத்தடி. அங்கே வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள், செத்தவருக்கு ஒன்று என்று. பாட்டி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டார். "இது எம்மாமியா. இது அவிங்க அப்பன். இது நான் பெத்தது, பெரியம்மையில போச்சு."

இந்தியாவில் பெரியம்மை 1975-லேயே ஒழிந்துவிட்டது. அப்படியென்றால் அந்தக் கல்லுக்கு வயது என்ன? அதிகாரி கணக்குப் போட்டாரோ என்னவோ, நோட்டில் 'ஆவணம் இல்லை' என்றுதான் எழுதினார்.

சட்டத்தின் 13-ஆம் விதி ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை ஆதாரமாக ஏற்கிறது. வீடு, கிணறு, சுடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாம் ஆதாரம். குறிப்பிட்ட ஒரு காகிதம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது என்றே 2012 திருத்தம் சொல்கிறது. நாம் அரசிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. எழுதி வைத்ததைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கூடலூர்ப் பக்கம்:

எங்களுக்குச் சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மனுவைக் கிராம சபைதான் பரிசீலிக்க வேண்டும். சபையோ தார்ரோட்டுப் பள்ளிக்கூடத்தில், மொத்தப் பஞ்சாயத்துக்கும் சேர்த்து. பணியர் பழங்குடியினரின் பாடியிலிருந்து (சிற்றூரிலிருந்து) அங்கே போனால் ஒருநாள் கூலி போச்சு. பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருமுறை கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து நோட்டே பாடிக்கு வந்தது, கைநாட்டு வாங்க! என்ன தீர்மானம் என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்" என்றார் கொண்டுவந்தவர்.

ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் 12 ஊர்களில் தனித்தனியாகச் சபை கூட்டினார்கள். பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. ஊருக்குள்ளேயே, சொந்த மொழியில் பேச விட்டால்தான் அப்படி வாய் திறப்பார்கள். பழங்குடிப் பகுதிகளுக்கு அரசியல் சட்டம் தனிப் பாதுகாப்புத் தரும் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஓர் இடம்கூடக் கிடையாது, ஆகவே அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996 பெசா சட்டமும் இங்கே செல்லாது. அப்படிப் பகுதிகளை இங்கும் அறிவிக்கச் சொல்லி மாநில அரசு ஒன்றிய அரசிடம் அழுத்திக் கேட்க வேண்டும். அதுவரை பாடிக்குப் பாடி சபை கூட்டவாவது வழி செய்யலாமே.

தேன்கூடு:

எங்கள் அப்பா 2009-ல் மனுக் கொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 உத்தரவால் உரிமைச் சான்று யாருக்கும் கைக்கு வராத காலம் அது. உச்ச நீதிமன்றம் 2016-ல் தடையை நீக்கியபோது அப்பா இல்லை. அலுவலகத்தில் "மனுதாரர் இறந்துட்டாரே, புதுசா போடுங்க" என்றார்கள். சான்று கணவன், மனைவி இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை வக்கீல் ஒருவர் காட்டிய பிறகே அம்மாவை உட்காரச் சொன்னார்கள். அம்மா உட்காரவில்லை.

மலையடிவாரம்:

பாட்டி ஊர் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு: 'போதிய ஆதாரம் இல்லை' என்று ஒற்றை வரியில் நிராகரிப்பு வந்தது. 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்தோம். போன மாதம் மறுபடி ஆள் வந்தார்கள். இந்த முறை கற்களை எண்ணினார்கள், 31. ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டு எழுதினார் ஒரு பையன். படிவத்தில் பத்து வரிதான். மீதியைப் பின்பக்கம் எழுதினான்.